கிராமப் பொருட்காட்சியும் கைப்பணியும்



நமது நாட்டின் பாடசாலைகளிலும் கிராம அபிவிருத்திச் சங்க மண்டபங்களிலும் கோயில் வீதியை அடுத்த வெளிகளிலும் ஆண்டுதோறும் பொருட்காட்சிகள் பல நடைபெறுகின்றன. ஒருபுறம் வாழைக்குலையும் பூசணிக்காயும் நீண்ட பயற்றங்காயும் இருக்கும். மற்றொருபுறம் மாணவர் வரைந்த தேசப்படங்களும் களிமண்ணாற் செய்த எரிமலையும் இருக்கும். இவற்றுக்கு நடுவே வெள்ளைச் சீலை விரித்த நீண்ட மேசைகளிலே தையல், பின்னல், ஓலை, சிரட்டை, மரம் முதலியவற்றாலான கைப்பணிப் பொருள்களும், முத்திரை நாணயம் முதலிய பொழுதுபோக்குச் சேகரிப்புகளும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். திறப்பு விழாவுக்கு வருபவர் நாடாவை வெட்டுவார்; கூட்டம் உள்ளே நுழையும்; நடுவர்கள் கையிலே கடுதாசியும் பேனையுமாக மேசைக்கு மேசை நடப்பார்கள். மாலையானதும் மூன்று பொருள்களின்மீது பரிசுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சீட்டைப் பற்றியதே. மேசைமீதிருக்கும் கைப்பணிப் பொருளொன்றை நாம் எதனைக் கொண்டு அளக்கின்றோம்? சிறு வினாவென்று இதனைத் தள்ளிவிடுதல் இயலாது. ஓர் ஊரிலே எவ்வேலை மதிக்கப்படுகின்றது, எவ்வேலை மதிக்கப்படவில்லை என்பதை அவ்வூர்ச் சிறுவர்கள் அறிந்துகொள்ளும் இடங்களுள் இம்மேசையும் ஒன்று. சென்ற ஆண்டு எதற்குப் பரிசு கிடைத்ததோ, அதனையே இவ்வாண்டு இருபது பிள்ளைகள் செய்துகொண்டு வருவார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாகவும் அதிபராகவும் இதனைக் கண்டுவருகின்றேன்.

2017 ஆம் ஆண்டிலே வடமராட்சிப் பகுதியில் நிகழ்ந்த பொருட்காட்சியொன்றுக்கு நடுவர் மூவருள் ஒருவனாக என்னை அழைத்திருந்தனர். கைப்பணி மேசையிலே வண்ணக் கடுதாசிப் பூக்கள் இருந்தன. பளபளக்கும் பொடி தூவிய போத்தல்கள் இருந்தன. பிளாஸ்ரிக் மணிகளைக் கோத்துச் செய்த அன்னப்பட்சி இரண்டு இருந்தன. ஐஸ்கிறீம் குச்சிகளை ஒட்டிக் கட்டிய மாளிகையொன்றும் இருந்தது. எல்லாம் கண்ணைக் கவர்வனவே. ஆனால் மேசைச் சீலையின் ஓரம் காற்றில் விலகியபோது அதன் கீழே ஒரு கடகம் தென்பட்டது. காட்சிப் பொருள்களை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதற்காக யாரோ எடுத்துவந்து, வேலை முடிந்ததும் கீழே தள்ளிவிட்ட கடகம் அது.

அதனை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடி நான்கு மூலையும் ஒன்றுக்கொன்று பிசகாமல் நின்றது. சதுரமாகத் தொடங்கிய அடி மேலே ஏற ஏற வட்டமாகி, வாய் ஒரு கோணலுமின்றி வளைந்திருந்தது. விளிம்பிலே நார் பொத்தியிருந்த இடைவெளிகளை விரலால் அளந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. மேசைக்கு மேலிருந்த யாதொன்றும் அதற்கு இணையாகாது என்பதில் நடுவர் மூவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆயினும் முன்கூட்டிப் பதியப்படாத பொருளுக்குப் பரிசு வழங்க விதியில் இடமில்லை என்று ஒழுங்கு செய்தோர் கூறினர். விதி அவ்வாறே இருந்தது. அவர்கள் கூறியதிற் பிழையில்லை. கடகத்தை இழைத்த மூதாட்டியார் பேரப்பிள்ளையோடு அங்கேயே நின்றிருந்தார். ஏன் இதனைப் பதியவில்லை என்று அவரிடம் கேட்டேன். "இதென்ன மாஸ்ரர், சாமான் அள்ளுற கடகந்தானே" என்றார். அவர் பேரப்பிள்ளை செய்து கொண்டுவந்தது மணி அன்னங்களுள் ஒன்று.

பனை வளராத பகுதிகளில் வாழும் நேயர்களுக்காகக் கடகத்தைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். கடகம் என்பது பனையோலையால் இழைக்கப்படும் பெரிய பெட்டி. நெல் அள்ளவும், மண் சுமக்கவும், சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகவும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. ஓலையிலும் தரமுண்டு. விரியாத இளங்குருத்து மெல்லிய வேலைக்கு உரியது. அதற்கு அடுத்த பருவத்தது சார்வு. முற்றிய ஓலை வேலியடைக்கவும் கூரை வேயவும் ஆகும். ஓலையை வெயிலிற் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சத்தகம் எனப்படும் சிறு கத்தியால் ஒரே அகலமாக வார்ந்துகொள்ள வேண்டும். வார்தலிலே கை சற்றுத் தவறினாலும் இழைக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். கடகத்தை உள்ளொன்றும் புறமொன்றுமாக இரட்டையாக இழைப்பர். அதன் பின்னர் பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைப் பொத்துவர். பாரம் முழுவதையும் தாங்குவது அந்த விளிம்பே. கடகத்தைத் தூக்குபவர் பிடிப்பதும் அதனையே. ஆதலால் நடுவர் பார்க்கவேண்டிய இடங்கள் மூன்று: அடிமூலை, ஓலையின் அகலம், விளிம்பு. முகப்பிலுள்ள வண்ணக் கோலம் பிறகு வருவது.

இவ்வாறே ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் தொழிலே அளவுகோலாகின்றது. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பு வடிவமாக இழைத்து, கொதிக்கும் பானையின் வாயிலே பொருத்துவது அது. இழை மிக நெருங்கினால் ஆவி ஏறாது, பிட்டு வேகாது. இழை நெகிழ்ந்தால் மா பானைக்குள்ளே சொரிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. அது கையிலே உள்ளது. பனங்கட்டிக் குட்டான் உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. காய்ச்சிய பாகைச் சூட்டோடு ஊற்றும்போது ஒழுகாமல் நிற்கவேண்டும். சுளகு புடைக்கும்போது கை நோகாத பாரமாக இருக்கவேண்டும். வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டைப்பெட்டி ஒன்றினுள் ஒன்று இறுக்கமாகச் செருகவேண்டும். ஆனால் கிழவர் கைக்கும் இலகுவிற் கழன்று வரவேண்டும். இப்பொருள்களை மேசைமீது அசையாமல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்து மதிப்பெண் இடுவது, சமைத்த கறியை மணந்துகூடப் பார்க்காமல் அதன் நிறத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்வதை ஒக்கும்.

இவ்விடயத்தை நமக்கு முன்னரே ஆழ்ந்து சிந்தித்த பெரியார் ஒருவர் இந்நாட்டிலேயே தோன்றினார். 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து 1947 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மறைந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களே அப்பெரியார். இளமையிலே அவர் கற்றது நிலநூல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்றவருடைய கண்ணிலே கண்டி நாட்டுக் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் பாய் பின்னுவோரும் பட்டனர். அதன் பயனாக 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கைப்பணி இயக்கத்துக்கு வழிகாட்டிய வில்லியம் மொறிஸ் என்பாரின் பதிப்பகத்திலிருந்த கையச்சு இயந்திரத்திலேயே அந்நூல் அச்சாயிற்று. கைப்பணியைப் பற்றிய நூல் கைப்பணியாகவே வெளிவரவேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அவரே 1943 ஆம் ஆண்டில், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் கேள்வியையே தலைப்பாகக் கொண்ட ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியொன்றை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்டவையல்ல என்பது அவர் எடுத்துக்காட்டும் உண்மை. குடிப்பதற்குச் செய்த கிண்ணமும், உடுப்பதற்கு நெய்த துணியும், வழிபடுவதற்கு வடித்த சிலையும் அங்கே கண்ணாடிக்குள் நிற்கின்றன. அவை எத்தேவைக்காகப் பிறந்தன, எம்முறையால் உருவாயின என்று கேளாமல் அழகை மட்டும் நுகர்பவர் அப்பொருளை அறிந்தவராகார் என்பது அவர் கொள்கை. பயனும் அழகும் வெவ்வேறு என்ற பிரிவினையையே அவர் ஏற்கவில்லை. பொஸ்ரன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்திலே 1917 முதல் தம் இறுதிக்காலம் வரை பணிபுரிந்த ஒருவரே இதனைக் கூறினார் என்பதை நாம் மறத்தலாகாது.

பரிசின் வகையைப் பற்றியும் ஒரு சொல். உலகப் பொருட்காட்சிகளுக்கெல்லாம் முன்னோடியாகிய பெரும் பொருட்காட்சி 1851 ஆம் ஆண்டு மே முதலாந் திகதி தொடங்கி ஒக்ரோபர் மாதம் வரை இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவிலே நிகழ்ந்தது. யோசேப்பு பாக்ஸ்ரன் என்பார் வகுத்த கண்ணாடி மாளிகையிலே 60 இலட்சம் முறைக்கு மேலாக மக்கள் வந்து பார்த்துச் சென்றனர். இலங்கையின் பொருள்களும் அங்கே இடம்பெற்றன. அத்துணைப் பெரிய விழாவிலே முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று வரிசைப்படுத்தும் முறை கைக்கொள்ளப்படவில்லை. குறித்த தகுதியை எட்டிய பொருள்களுக்கெல்லாம் பதக்கம் வழங்கினர். அமெரிக்க நாட்டுப் புறச்சந்தைகளிலே, சிறுவர் சங்கங்களின் கைப்பணியை மதிப்பிடும்போது இன்றும் டேனிய முறை எனப்படும் ஒருமுறை வழங்கிவருகின்றது. அதன்படி ஒரு பிள்ளையின் வேலை மற்றொரு பிள்ளையின் வேலையோடு ஒப்பிடப்படுவதில்லை. தொழிலுக்குரிய தரத்தோடு மட்டுமே ஒப்பிடப்படும். பத்துப் பேர் அத்தரத்தை எட்டினால் பத்துப் பேருக்கும் உயர்வகுப்புச் சீட்டு உண்டு; ஒருவரும் எட்டாவிடின் ஒருவருக்கும் இல்லை.

நமது கிராமப் பொருட்காட்சிக்கு இம்முறையே பொருத்தமுடையது என்பது என் துணிபு. கடகத்தையும் கடுதாசிப் பூவையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது முதல் என்று கேட்பது கேள்வியே அன்று. மூன்று பேருக்குப் பரிசு என்று வைத்தால் நான்காம் பிள்ளை அடுத்த ஆண்டு வாராது. தரத்தை முன்கூட்டியே எழுதி மண்டப வாயிலில் ஒட்டிவிட்டால், பெற்றோரும் நடுவரோடு சண்டையிடுவது குறையும். (சண்டை முற்றாக ஒழியும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.)

காட்சிப் பொருள் தானே தன்னை நிரூபித்துக் காட்டும் இடமும் நம்மிடையே உண்டு. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நிகழும் பட்டப்போட்டியைக் கண்டோர் இதனை உடனே உணர்வர். கப்பலும் பறவையும் விமானமுமாகப் பேருருவங்களை மூங்கிலாலும் மெல்லிய தாளாலும் கட்டிக்கொண்டு இளைஞர் வருகின்றனர். எத்தனை கிழமை உழைத்தார்கள் என்பது ஒருபுறமிருக்க, கடற்காற்று வந்ததும் அது எழும்பவேண்டும். முச்சை பிழைத்தால் பட்டம் தலைகுப்புறக் குத்திவிடும். பாரம் ஒருபுறம் மிகுந்தால் சுழன்றுவிடும். வில்லிலே நாடா பூட்டிய விண் ஒலிக்கவில்லையானால் கரையிலே நிற்கும் சிறுவனே குறை சொல்லிவிடுவான். அங்கேயும் நடுவர்கள் இருக்கின்றனர். ஆனால் காற்று முதலில் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றது. தந்தையார் கட்டிக்கொடுத்த பட்டமா, பிள்ளை கட்டிய பட்டமா என்பதும் அங்கே மறையாது. கட்டியவனுக்குத்தான் எந்த நூலை எவ்வளவு இழுக்கவேண்டும் என்று தெரியும்.

இதனை நான் குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மாணவர் கைப்பணி என்ற பெயரிலே மேசைக்கு வருவனவற்றுள் தாயார் தைத்தவையும், தமையன் ஒட்டியவையும், நகரத்துக் கடையிலே வாங்கியவையும் கலந்திருக்கின்றன. இதற்காகப் பெற்றோரைக் கடிந்து பயனில்லை. பிள்ளை தோற்றுவிடக்கூடாதே என்ற அன்பினால் அவர்கள் செய்கின்றனர். ஆனால் அப்பிள்ளை பரிசைக் கையில் வாங்கும்போது அதன் முகத்தைப் பார்த்தால், அது மகிழ்கின்றதா கூசுகின்றதா என்பது நன்றாகத் தெரியும். நான் அதிபராகக் கடமையாற்றும் பாடசாலையிலே இதற்கு எளியதொரு வழியைக் கைக்கொண்டோம். பொருளோடு, அரைகுறையாக நிற்கும் இன்னொரு பொருளையும் பிள்ளை கொண்டுவரவேண்டும். நடுவர் முன்னிலையில் அதனைச் சிறிது நேரம் தொடர்ந்து செய்து காட்டவேண்டும். முதலாண்டில் காட்சிப் பொருள்கள் பாதியாகக் குறைந்தன. மேசை வெறிச்சென்றிருக்கின்றதே என்று சிலர் கவலைப்பட்டனர். எனக்கு அந்த மேசை நிறைந்ததாகவே தோன்றிற்று. இரண்டாம் ஆண்டிலே ஏழாம் வகுப்பு மாணவியொருத்தி தன் பாட்டியாரை அருகில் இருத்திக்கொண்டு குட்டான் இழைத்தாள். பாட்டியார் இருமுறை அவள் கையைத் தட்டித் திருத்தியதையும் நடுவர்கள் கண்டனர். அதற்காக மதிப்பெண் குறைக்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கூட்டவேண்டும் என்றேன்.

பாடசாலைக் கல்வியிலே இதற்கு இடம் தேடியது இன்று நேற்றல்ல. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அவ்வப் பகுதிக்குரிய தொழில்களை மாணவர் கற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். 1977 இல் ஆட்சி மாறியதன் பின்னர் அது கைவிடப்பட்டது. கருவியின்மை, ஆசிரியரின்மை, பரீட்சையை மட்டுமே நோக்கும் பெற்றோர் மனநிலை என்று அது நிலைக்காமைக்குக் காரணம் பல கூறுவர். இன்று கலையும் கைப்பணியும் என்னும் பாடம் க. பொ. த. சாதாரண தரத்திலே இருக்கின்றது. பாடம் இருக்கின்றது, ஊரிலே கற்பிக்கக்கூடிய கைகளோ குறைந்துகொண்டு செல்கின்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்ட பனைகள் கொஞ்சமல்ல. மரத்தை மீண்டும் நடலாம், நட்டும் வருகின்றனர். ஆனால் இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்களில் ஒரு தலைமுறை முழுவதும் ஓலையைக் கையிலெடுக்காமலே வளர்ந்துவிட்டது. நான் முன்னே கூறிய மூதாட்டியாரின் ஊரிலே கடகத்துக்கு நார் பொத்தத் தெரிந்தவர் அப்போது மூவரே இருந்தனர். மூவருள் இளையவருக்கு வயது 60 கடந்திருந்தது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. கைப்பணிப் பொருள்களை விற்பதற்காக லக்சல நிலையம் 1964 இல் தொடங்கப்பட்டது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்தது. நகரத்துக் கடைகளிலே வண்ணமிட்ட ஓலைப்பைகளும் தொப்பிகளும் விலைப்படுகின்றன. அதனால் சில குடும்பங்களில் அடுப்பு எரிகின்றது, வரவேற்கத்தக்கதே. ஆயினும் பிரயாணிகள் விரும்பும் சிறு பொருள்களுக்கே கை பழகிவிட்டால், இரட்டை இழைப்பும் நார் பொத்தலும் யாருக்கு வேண்டும்? கிராமப் பொருட்காட்சிக்குத் தனிக் கடமையொன்று இருப்பது இவ்விடத்திலேதான். விலைப்படாத வேலையையும் மேசைமேல் ஏற்றி மதிப்பதற்கு அங்கே இடமுண்டு.

பொழுதுபோக்குச் சேகரிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகின்றேன். முத்திரைச் சேகரிப்பென்றால் எத்தனை நாட்டு முத்திரைகள் என்று எண்ணுவதே வழக்கமாக இருக்கின்றது. எண்ணிக்கை பெரும்பாலும் மாமன் எந்த நாட்டிலிருக்கின்றார் என்பதைப் பொறுத்தது. பிள்ளை எவ்வாறு அடுக்கியிருக்கின்றது என்பதையே பார்க்கவேண்டும். இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வெளிவந்தது. 1972 இல் நாடு குடியரசானதோடு முத்திரையிலே நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறிற்று. மலிவான இருபது முத்திரைகளைக் கொண்டு இம்மாற்றத்தை விளக்கிய பிள்ளையொன்றை நான் அறிவேன். வெளிநாட்டு முத்திரைகள் நூற்றுக்கணக்கில் நிறைந்த பெரிய தொகுதியைவிட அது எனக்கு உயர்ந்ததாகத் தோன்றிற்று.

இறுதியாகப் பெயர்ச் சீட்டு. நமது பொருட்காட்சிகளிலே பொருளின் அருகில் 'ஓலைப்பெட்டி, ஆண்டு 8' என்று எழுதுவதோடு நின்றுவிடுகின்றனர். செய்தவருடைய முழுப்பெயர், அவருக்குக் கற்பித்தவருடைய பெயர், ஓலையோ மரமோ எவ்விடத்தது, செய்து முடிக்க எத்தனை நாள் சென்றது, இது எதற்குப் பயன்படும் என்னும் ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். கற்பித்தவர் பெயரை எழுதுவதென்றால் பிள்ளை முதலில் ஒருவரிடம் சென்று கற்கவேண்டும். அங்கேயே பாதி வேலை முடிந்துவிடுகின்றது. பொருளைத் தொடாதீர் என்ற பலகையை இம்மேசையிலிருந்து மட்டுமாவது அகற்றிவிடலாம். கடகத்தைத் தூக்கிப் பார்க்கட்டும், சுளகை ஒருமுறை புடைத்துப் பார்க்கட்டும்.

செய்து காட்டும் பகுதியை மண்டபத்துக்குள்ளே மின்விசிறியின் கீழ் அமைப்போர்க்கு ஒரு செய்தி. காற்றுப்பட்டால் வார்ந்த ஓலை விரைவிலே காய்ந்து, மடிக்கும் இடத்திலே வெடித்துவிடும். முதல்நாள் மாலையே ஓலையை நனைத்து, ஈரத்துணியிலே சுற்றி வைக்கவேண்டும். இழைப்பவர்களுக்கு மேசையும் கதிரையும் வேண்டியதில்லை. வேப்பமர நிழலிலே ஒரு பாயும், அருகிலே ஒரு செம்பு தண்ணீரும் போதும்.